கண்ணாடியில் பெயர் பொறித்தல்



பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வீடுகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பித்தளைக் குடமாயினும், எவர்சில்வர்த் தூக்காயினும், கடையில் வாங்கிய கையோடு அதன் விளிம்பில் உரியவர் பெயரைப் புள்ளிபுள்ளியாகப் பொறித்து வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவோம். திருமணத்தில் பத்து வீட்டுப் பாத்திரங்கள் ஒன்றாய்க் கலந்து கிடக்கும்போது எது யாருடையது என்று அறிய அந்தப் புள்ளி எழுத்துக்களே துணை. பாட்டனார் மறைந்து ஐம்பது ஆண்டு ஆன பின்னும் அவர் பெயர் ஒரு சொம்பின் கழுத்தில் வீட்டிற்குள் நடமாடிக்கொண்டிருக்கும்.

உலோகம் சிற்றுளியின் அடியைத் தாங்கும். குழியும், ஆனால் உடையாது. கண்ணாடி அப்படியன்று. அதன்மேல் உளியை வைத்துத் தட்டினால் பெயரும் இராது, பாத்திரமும் இராது. அப்படியானால் கண்ணாடித் தம்ளரில் பெயர் எழுதுவது எவ்வாறு? எழுத்து இருக்கவேண்டிய இடத்தை மட்டும் மங்கச் செய்து, மற்ற இடத்தைத் தெளிவாக விட்டுவைப்பது எவ்வாறு? இதைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். இதற்கு வேண்டுவன இரண்டு. ஒன்று கண்ணாடியைத் தாக்கும் பொருள். மற்றொன்று அந்தத் தாக்குதலிலிருந்து கண்ணாடியைக் காக்கும் மறைப்பு. மறைப்பில் எழுத்து வடிவமாகத் திறப்பு இருந்தால், அந்தத் திறப்பின் வழியே மட்டும் தாக்குதல் நடக்கும். இத்தகைய மறைப்பையே ஸ்டென்சில் என்கிறார்கள். நான் அதை வெட்டுத்தாள் என்று சொல்லப்போகிறேன். வாசலில் கோலமாவைத் தூவி இட, துளையிட்ட தகடு விற்கிறார்களே, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

தாக்கும் பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கண்ணாடியின் பெரும்பகுதி சிலிகா, அதாவது மணலில் உள்ள பொருள். கந்தக அமிலமும், நைட்ரிக் அமிலமும், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஆண்டுக் கணக்கில் கண்ணாடிக் குப்பியில் அடங்கிக் கிடப்பதை உங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் ஒன்று உண்டு. அதைக் கண்ணாடிக் குப்பியில் வைக்க முடியாது. அது சிலிகாவோடு சேர்ந்து, சிலிகன் டெட்ராபுளோரைடு என்னும் வாயுவாகவும் நீராகவும் அதை மாற்றிவிடும். சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே, 1771-இல் புளோர்ஸ்பார் என்னும் கனிமத்தோடு கந்தக அமிலத்தைச் சேர்த்துக் காய்ச்சி இந்த அமிலத்தை ஆராய்ந்தார். அப்போது அவருடைய கண்ணாடி வாலையே அரிக்கப்பட்டுப் போயிற்று. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1670-ஆம் ஆண்டளவில், ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் ஷ்வான்ஹார்ட் இத்தகைய அமிலத்தால் கண்ணாடியில் உருவங்கள் பொறித்தார் என்றும், தம் மூக்குக் கண்ணாடியில் அமிலம் பட்டு மங்கியதைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் தோன்றிற்று என்றும் சொல்லுவார்கள்.

இந்த அமிலம் கண்ணாடியை உண்ணும். மெழுகை ஒன்றும் செய்யாது. பழைய தொழிற்சாலைகளின் முறை முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடும். கண்ணாடிமேல் மெழுகைப் படரவிட்டு, ஊசியால் மெழுகைக் கீறி எழுதி, அமிலத்தில் தோய்த்தெடுத்து, மெழுகை உருக்கி அகற்றினால் கீறிய எழுத்து கண்ணாடியில் நிற்கும். மெழுகுதான் அங்கே வெட்டுத்தாள்.

நான் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது இதைப் பாடப் புத்தகத்தில் படித்தேன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. என் அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கையில் காசில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் 'அக்கா' என்று பொறித்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றிற்று. ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அலமாரியிலிருந்த அந்த அமிலத்தை ஒரு பிளாஸ்டிக் மூடியில் கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டேன். கேட்டால் கொடுத்திருக்கமாட்டார்கள், அதனால் கேட்கவில்லை. மெழுகுவத்தியை உருக்கித் தம்ளரில் பூசி, கோணூசியால் எழுதி, பஞ்சில் தோய்த்த அமிலத்தைத் தடவினேன். எழுத்து விழுந்தது. என் வலக்கைச் சுட்டுவிரல் நுனியில், நகத்தின் ஓரத்தில், ஈரம் பட்டதையும் உணர்ந்தேன். எரியவில்லை. துணியில் துடைத்துக்கொண்டு அதை மறந்துவிட்டேன்.

மாலையில் விரல் விண்ணென்று தெறிக்கத் தொடங்கிற்று. மேலுக்கு ஒரு கொப்புளமும் இல்லை. சற்று வெளுத்திருந்தது, அவ்வளவே. இரவு பத்து மணிக்கு நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அக்காதான் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். "என்ன பட்டது?" என்று மருத்துவர் கேட்டார். திருட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, "வெந்நீர்" என்றேன். வெந்நீருக்கான மருந்தைப் போட்டு அனுப்பினார். அந்தப் பொய்யின் விலை மேலும் நான்கு மணி நேர வேதனை. விடியற்காலையில் மறுபடியும் போனோம். அக்கா என் முகத்தையே பார்த்து, "தம்பி, உண்மையைச் சொல்லுடா" என்றாள். சொன்னேன். அமிலத்தின் பெயரைக் கேட்டவுடன் மருத்துவரின் நடை உடை பாவனை எல்லாம் மாறிவிட்டன. நகத்தை எடுத்துவிட்டுக் கால்சியம் மருந்தை ஊசி வழியாக விரலுக்குள் செலுத்தினார்கள். அக்காவின் திருமணப் படங்களில் எல்லாம் நான் கட்டுப்போட்ட கையோடுதான் நிற்கிறேன். அந்த விரல் நுனிக்கு இன்றும் உணர்ச்சி குறைவு.

ஏன் இப்படி ஆகிறது? மற்ற அமிலங்கள் தோலைச் சுட்டு, உடனே தம்மை அறிவித்துவிடும். இதுவோ ஓசைப்படாமல் தோலைக் கடந்து உள்ளே செல்லும். அதிலுள்ள புளோரைடு நம் உடம்பிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். சதை கெடும், எலும்பும் கெடலாம், மிகுதியாகப் பட்டால் இரத்தத்திலுள்ள கால்சியம் குறைந்து இதயமே நின்றுவிடக் கூடும். வலி மணிக் கணக்கில் பிந்தி வருவதுதான் இதன் பெரிய வஞ்சகம். இக்காலத்தில் கண்ணாடியை மங்கச் செய்யும் பசை என்று குப்பியில் விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் அமோனியம் பைபுளோரைடு போன்ற உப்புக்கள் இருக்கும். நேரடி அமிலத்தைவிட அது சாந்தமானது என்றாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. பயிற்சி பெற்ற பெரியவர்கள், தக்க கையுறையும் கண்காப்பும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் கையாளவேண்டிய பொருள் அது. மாணவர்களுக்கு நான் அதைச் சொல்லித்தரமாட்டேன். எங்கேனும் தவறி மேலே பட்டுவிட்டால், வலி வரட்டும் என்று காத்திராமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே ஆள் அனுப்பி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சென்றதும் முதல் சொல்லாகப் புளோரைடு என்று சொல்லவேண்டும். கால்சியம் குளுகோனேட் என்னும் மருந்து அதற்கு உண்டு.

சரி, அமிலம் வேண்டாம் என்றால் வேறு வழி என்ன? தேய்ப்பதுதான் வழி. கண்ணாடியை விடக் கடினமான துகள் கொண்டு தேய்த்தால் அதன் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பள்ளங்கள் விழும். ஜெர்மானியக் கனிமவியலார் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்திற்கு 10. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5, மணலிலுள்ள குவார்ட்சுக்கு 7. ஆகவே மணலே கண்ணாடியைக் கீறும். 1870-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த டில்க்மன் என்பவர், மணலை வேகமாக வீசிக் கண்ணாடியை மங்கச் செய்யும் கருவிக்கு உரிமை பெற்றார். அலுவலகக் கதவுகளிலும் மருத்துவமனைச் சன்னல்களிலும் காணும் பூவேலைக் கண்ணாடிகள் பல அந்த வழியில் வந்தவையே. மணலைவிடக் கடினமானது கார்பொரண்டம். 1891-இல் அச்சிசன் என்னும் அமெரிக்கர், செயற்கை வைரம் செய்யலாம் என்று களிமண்ணையும் கரித்தூளையும் மின் உலையில் சுட்டபோது, வைரத்திற்குப் பதிலாகக் கிடைத்தது இது. மோஸ் வரிசையில் 9-க்கும் சற்று மேலே நிற்கும். பெயின்ட் கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கறுப்பாக ஒரு தாள் கொடுப்பார்கள். அதன் மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் இந்தத் துகள்தான். நீரில் நனைத்துத் தேய்க்கலாம். 220 அல்லது 320 எண்ணுள்ள தாள் நம் வேலைக்குப் போதும். துகளைத் தனியாகவும் வாங்கலாம்.

தாக்கும் பொருள் கிடைத்துவிட்டது. இனி வெட்டுத்தாளைப் பார்ப்போம். இந்தக் கலையில் மூளைக்கு வேலை இருப்பது இங்கேதான்.

மனிதன் முதன்முதல் பயன்படுத்திய வெட்டுத்தாள் தாளே அன்று, அவனுடைய கைதான். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் யாரோ கையை விரித்து வைத்து, அதன்மேல் செங்காவி வண்ணத்தை வாயால் ஊதியிருக்கிறார். கையை எடுத்ததும், சுற்றிலும் சிவப்பும் நடுவில் கையின் வெறுமையுமாக உருவம் நின்றுவிட்டது. அதன் வயது 39,900 ஆண்டுகளுக்குக் குறையாது என்று 2014-இல் அறிவியலார் கணித்து வெளியிட்டார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெட்டுத்தாள் இரண்டு வகைப்படும். கோலத் தகட்டைப் போல வடிவத்தைத் திறந்துவிட்டுச் சுற்றுப்புறத்தை மறைப்பது ஒன்று. குகைக் கையைப் போல வடிவத்தை மறைத்துச் சுற்றுப்புறத்தைத் திறந்துவிடுவது மற்றொன்று. முதல் வகையில் எழுத்து மங்கலாகவும் மற்ற இடம் தெளிவாகவும் அமையும். இரண்டாவதில் மங்கிய பரப்பின் நடுவே எழுத்து தெளிவாகத் துலங்கும்.

இரண்டாம் வகையே எளிது. தொடக்கத்தில் அதைத்தான் செய்யவேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் கத்தியே வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர்ப் பொட்டு இருக்கிறதே, அதைவிடச் சிறந்த ஆயத்த மறைப்பு உலகத்தில் இல்லை. ஓர் அட்டை வாங்கினால் ஒரே அளவான வட்டங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. முதுகில் பசையும் தடவியிருக்கிறது. ஒரு சதுரக் கண்ணாடித் துண்டில் அவற்றைப் புள்ளிக் கோலம்போல் இடைவெளி பார்த்து ஒட்டிச் சுற்றுப்புறத்தைத் தேய்த்து மங்கச் செய்து, பிறகு பொட்டுக்களை உரித்தால், மூடுபனிக்கு நடுவே துளித் துளியாய்த் தெளிந்த புள்ளிகள் தோன்றும். வெல்வெட்டுப் பொட்டைவிட மெல்லிய பிளாஸ்டிக் பொட்டே ஏற்றது. பொட்டு தடிப்பாக இருந்தால் தேய்க்கும் தாள் அதன் ஓரம் வரை எட்டாது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு மெல்லிய வளையம் தேய்படாமல் நின்றுவிடும். அது குற்றம் என்று நினைத்து நான் முதலில் வருந்தினேன். பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் அழகு என்றார்கள்.

எழுத்துப் பொறிக்க முதல் வகை வேண்டும். அதற்குரிய தாள் எது? அஞ்சலட்டையில் எழுத்தை வெட்டி நூலால் கட்டித் தேய்த்துப் பார்த்தேன். துகள் அடியில் நுழைந்து எழுத்தின் ஓரமெல்லாம் கலைந்து போயிற்று. கோலத்திற்குத் தகடு தரையில் வெறுமனே கிடந்தாலும் போதும். மாவு மேலிருந்து விழுகிறது. தேய்ப்பதற்கு அது போதாது. மறைப்பு கண்ணாடியோடு ஒட்டி உயிரும் உடலுமாக இருக்கவேண்டும். ஈரத்தில் தேய்க்கிறோமாதலால் காகித ஒட்டுநாடாவும் ஆகாது, ஊறிக் கிழிந்துவிடும். வண்டிகளின் எண் பலகைக்கு எழுத்து வெட்டுகிற ஸ்டிக்கர்க் கடைகளில், முதுகில் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிடைக்கும். வெட்டி எஞ்சிய துண்டுகளைக் கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள். அதுவே தலைசிறந்தது. அது கிடைக்காத இடத்தில், மின்கம்பியின்மேல் சுற்றுகிற ஒட்டுநாடாவை ஒன்றன் ஓரத்தில் ஒன்று ஏறுமாறு பக்கம் பக்கமாக ஒட்டியும் ஒரு பரப்பு அமைத்துக்கொள்ளலாம். நகப்பூச்சைத் தூரிகையால் தீட்டியும் மறைக்கலாம். கொடி, இலை போன்ற வளைவான வேலைக்கு அது நன்று. ஆனால் தேய்ப்பைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. இரண்டு மூன்று பூச்சு வேண்டியிருக்கும்.

இனி எழுத்தைப் பற்றி. தமிழ் எழுத்துக்களை வெட்டுத்தாளாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ட, ப, ய ஆகிய எழுத்துக்களைப் பாருங்கள். அவற்றில் எங்கும் மூடிய இடம் இல்லை. வெட்டி எடுத்தால் எழுத்து முழுதாக வந்துவிடும். க, ம, ல, வ போன்றவற்றில் மூடிய சுழியோ வயிறோ இருக்கிறது. எழுத்தை வெட்டியெடுத்தவுடன் அதன் நடுவிலுள்ள சிறு துண்டும் பற்றுக்கோடு இல்லாமல் கீழே விழுந்துவிடும். இத்தகைய துண்டைத் தீவு என்று வைத்துக்கொள்வோம். தீவைக் கரையோடு இணைக்க ஒரு பாலம் வேண்டும்; அதாவது, எழுத்தின் கோட்டில் ஓரிடத்தில் சிறிது வெட்டாமல் விட்டுவைக்கவேண்டும். நெல் மூட்டைகளிலும் மரப்பெட்டிகளிலும் அச்சிட்ட எழுத்துக்களின் நடுவே ஆங்காங்கு இடைவெளி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவையெல்லாம் பாலங்கள். துணிக்கு வண்ணம் ஏற்றும் கட்டகாமி என்னும் வெட்டுத்தாள்களைச் செய்யும் ஜப்பானியக் கைவினைஞர்கள், இந்தப் பாலம் கண்ணுக்குத் தெரியலாகாது என்று, இரண்டு தாள்களுக்கு நடுவே பட்டு நூல் இழைகளை வைத்து ஒட்டித் தீவுகளைத் தாங்கச் செய்தார்கள். அத்தனை பொறுமை நமக்கு வேண்டியதில்லை. நம் தாளில் பசை இருக்கிறது. எழுத்தின் கோட்டை மட்டும் உரித்துவிட்டு, தீவைக் கண்ணாடியில் ஒட்டியபடியே விட்டுவிடலாம். அதற்கு ஒரே நிபந்தனை, தாளை முதலில் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் பிறகு வெட்டவேண்டும் என்பது.

இதையெல்லாம் நான் வெறும் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. என் அக்காவின் பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று என்னிடம் வந்தாள். "தாத்தா, பாட்டி ஒரு தம்ளர் வைத்திருக்கிறார்களே, அதைப்போல் எனக்கும் எழுதச் சொல்லிக் கொடுங்கள்" என்றாள். அந்தத் தம்ளர் இன்னும் இருக்கிறதா என்று எனக்கு வியப்பு. விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்து, அக்கா வீட்டுப் பூஜை அலமாரியின் மூலையில் திரி வைத்திருக்கும் தம்ளராக அது இருந்துவருகிறது. நான் அவளுக்கு என் விரலைக் காட்டிக் கதையைச் சொன்னேன். பிறகு இருவரும் சேர்ந்து வேறு வழியில் ஒரு தம்ளர் செய்தோம்.

'பாட்டி' என்று எழுதுவதாக முடிவு செய்தோம். நல்ல சொல், ப, ட இரண்டிலும் தீவு இல்லை. 'டி'யின் மேல் வளைவு மட்டும் சுற்றி வந்து மூடிக்கொள்ளுமோ என்று ஐயம் எழுந்தது. அவள் அந்த வளைவின் முனையைச் சற்று விலக்கி எழுதினாள். நான் பாலம் கட்டப் போனேன். குழந்தை எழுத்தையே திருத்திவிட்டாள்.

தம்ளரைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, உலரவிட்டு, அதற்குமேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டோம். விரலிலுள்ள எண்ணெய் பட்ட இடத்தில் தாள் ஒட்டாது. எழுத்து தம்ளரின் வெளிப்புறத்தில், விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடைக்குக் கீழே இருக்குமாறு இடம் குறித்தோம். வாய் படும் இடத்தில் சொரசொரப்பு ஆகாது. நேர்ச் சதுரமான தாளை ஒட்டியபோது அது சுருங்கி மடிந்தது. மேலே அகன்று கீழே குறுகிய தம்ளர் அது. அதன்மேல் ஒரு காகிதத்தைச் சுற்றி, மிகையை வெட்டிப் பிரித்துப் பார்த்தால் காகிதம் விசிறிபோல் வளைந்திருக்கும். அந்த வளைவில் ஸ்டிக்கர்த் தாளை வெட்டி ஒட்டினால் சுருக்கம் விழாது. கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். பிறகு எழுதிய காகிதத்தையும் கார்பன் தாளையும் அதன்மேல் வைத்து எழுத்தைப் படியெடுத்தோம்.

வெட்டும் வேலையை நான் செய்தேன். கண்ணாடிமேல் வெட்டும்போது பிளேடு விரைவில் மழுங்கும். மழுங்கிய பிளேடு தாளை அறுக்காமல் இழுக்கும். ஆதலால் இரண்டு மூன்று அலகுகள் கைவசம் வேண்டும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் தம்ளரைத் திருப்பவேண்டும். மூலைகளில் வெட்டு ஒரு நூல் மிகுந்து போய்விட்டால் அங்கே துகள் புகுந்து மீசைபோல் ஒரு கோடு விழும். உடனே ஒரு துளி ஒட்டுநாடாவால் அதை அடைத்துவிடவேண்டும். எழுத்தின் பகுதியை ஊசி முனையால் நெம்பி உரித்தபின், எஞ்சிய ஓரங்களை நகத்தால் மறுபடி ஒருமுறை அழுத்தினோம். திறந்த இடத்தைத் தவிரத் தம்ளர் முழுவதையும் ஒட்டுநாடாவால் போர்த்தினோம். இந்தக் கடைசி வேலையில் சோம்பியவர்கள் எழுத்துக்குப் பக்கத்தில் கீறல்களையும் சேர்த்துப் பரிசாகப் பெறுவார்கள்.

தட்டையான கண்ணாடியாக இருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் அங்கே வேறொரு கண்ணி இருக்கிறது. படச் சட்டத்தின் கண்ணாடிக்குப் பின்புறம் எழுதுவதானால் எழுத்தை இடவலமாகத் திருப்பி வெட்டவேண்டும். ஒருமுறை நான் இதை மறந்து, ஒரு நண்பருடைய தந்தையின் படத்திற்கு அவர் பெயரைப் பொறித்தேன். சட்டத்தில் பொருத்தியபோது ஒருவராலும் அதைப் படிக்க முடியவில்லை. நண்பர் பெருந்தன்மையோடு அதைப் பாராட்டினார்.

தேய்ப்பது எளிய வேலை. ஆனால் பொறுமை வேண்டும். தம்ளருக்குள் துணியைத் திணித்து, மடித்த ஈரத் துண்டின்மேல் படுக்கவைத்தோம். வெறுங் கையால் இறுகப் பிடித்து அழுத்தினால் மெல்லிய கண்ணாடி கையிலேயே உடையும். பென்சில் அழிக்கும் ரப்பர்த் துண்டில் வாட்டர் பேப்பரைச் சிறியதாகச் சுற்றி, நீரில் நனைத்து, அழுத்தாமல் சிறு சிறு வட்டங்களாகத் தேய்க்கவேண்டும். ஓரத்திலிருந்து திறப்பின் உட்புறம் நோக்கியே கை செல்லவேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் தாளின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். நுட்பமான மூலைகளுக்கு, நீரில் குழைத்த கார்பொரண்டத் துகளைச் சிறிது வைத்து, பென்சிலின் பின்முனையால் உருட்டலாம். துகள் உருண்டு உருண்டு தாள் எட்டாத ஓரங்களுக்கும் போய்ச் சேரும். எப்போதும் ஈரம் இருக்கவேண்டும். காய்ந்த கண்ணாடிப் பொடி காற்றில் பறந்து மூச்சில் சேர்வது நுரையீரலுக்கு நல்லதன்று. கல் உடைப்பவர்களுக்கும் மணல் வீச்சு வேலை செய்பவர்களுக்கும் வரும் சிலிகோசிஸ் என்னும் நோய் கல், மணல் ஆகியவற்றின் நுண்பொடியால் வருவதே. வேலை முடிந்ததும் சேற்றைப் பழைய செய்தித்தாளில் துடைத்தெடுத்துச் சுருட்டி எறிந்துவிட்டு, கைகளைக் கழுவிக்கொள்ளவேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அடுப்பிலோ சூளையிலோ வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்திலும், அடிபட்டால் பொடிப்பொடியாக நொறுங்கும்படி பதப்படுத்திய கண்ணாடியிலும் இந்த வேலை வேண்டாம். கண்ணாடி வெட்டுகிறவர் என்ன செய்கிறார்? வைர முனையால் ஒரு கோடு கிழித்து மெல்ல வளைக்கிறார். கோட்டின் வழியே அது இரண்டாகிறது. மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கண்ணாடியின் வலிமையைக் குறைக்கின்றன என்பதை 1921-இல் ஆங்கிலேயப் பொறியியலார் கிரிப்பித் வெளியிட்ட கட்டுரை விளக்கிற்று. நாம் செய்வது ஆயிரம் கீறல்கள் இடும் வேலை. பூச்சாடிக்கும், படச் சட்டத்திற்கும், குளிர்ந்த நீர் குடிக்கும் தடித்த தம்ளருக்கும் அதனால் கேடில்லை.

கால்மணி நேரம் தேய்த்தபின் பேத்திக்குப் பொறுமை போய்விட்டது. தாளை உரித்துத் தம்ளரைக் குழாயடியில் கழுவினாள். கழுவியவள் திகைத்து நின்றாள். எழுத்தைக் காணோம். "தாத்தா, ஒன்றுமே விழவில்லை" என்று அழுகைக் குரலில் சொன்னாள்.

கண்ணாடியின் மங்கல் என்பது நிறமன்று. அங்கே எந்த வெண்பொருளும் ஒட்டியிருக்கவில்லை. வழவழப்பான பரப்பில் ஒளி ஒரே சீராக ஊடுருவிச் செல்கிறது. பள்ளமும் மேடுமான பரப்பில் பட்டதும், ஒவ்வொரு பள்ளமும் ஒளியை ஒவ்வொரு திசையில் சிதறடிக்கிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் வெண்மை என்று காண்கிறோம். பள்ளங்களில் நீர் நிரம்பினால் மேற்பரப்பு மீண்டும் சமமாகிவிடுகிறது. காற்றைக் காட்டிலும் நீர், ஒளியை வளைப்பதில் கண்ணாடிக்கு நெருக்கமானது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நீருக்கு 1.33, காற்றுக்கு 1 என்றே கொள்ளலாம். ஆகவே சிதறல் குறைந்து எழுத்து மறைகிறது. தேங்காய் எண்ணெயின் எண் 1.45-ஐ ஒட்டியிருக்கும்; அதைத் தடவினால் இன்னும் நன்றாக மறையும். உங்கள் பள்ளியில் சொரசொரப்பான சன்னல் கண்ணாடி இருந்தால், சொரசொரப்புள்ள பக்கத்தில் தெளிந்த ஒட்டுநாடாவை ஒட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் வெளியே உள்ள மரம் தெரியும். பசை பள்ளங்களை நிரப்பிவிடுகிறது.

இதையெல்லாம் நான் அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே தம்ளர் உலரத் தொடங்கிற்று. முதலில் 'ப'வின் இடக்கோடு வெளுத்தது. பிறகு இரண்டு 'ட'க்களும், அவள் சற்று விலக்கி எழுதிய அந்த வளைவும் வந்தன. அவள் தம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அக்காவுக்கு இப்போது கண்பார்வை சற்று மங்கல். எழுத்து தெரியவில்லை போலும். தம்ளரை வாங்கி, கட்டைவிரலால் எழுத்தின்மேல் மெல்லத் தடவிப் பார்த்தாள். "இது சொரசொரவென்று இருக்கிறதே, உன்னுடையது இதைவிட ஆழமாக இருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பேத்தியின் இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.